நுரை பார்த்த வருடங்கள்

என் கணவர் குளியலறையிலிருந்து வெளியே வந்த மறுநிமிடம் நான் உள்ளே நுழைவேன். கையில் துணி வாளியோ சோப்போ ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து பார்ப்பேன். எதைப் பார்ப்பேன் என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவருடைய சிறுநீரில் நுரை நிற்கிறதா என்று பார்ப்பேன்.

அவருக்கும் அது தெரியும். அதனால் மக் மக்காகத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வெளியே வருவார். பெங்களூர் ஜோகுபாளையத்தில் அப்போது குழாயில் தண்ணீர் வருவதே பெரும்பாடு. "உள்ள யானையையா குளிப்பாட்டுறீங்க?" என்று நான் வெளியிலிருந்து கத்துவேன். "சுத்தமா இருக்கறது கூட தப்பா உனக்கு?" என்பார் அவர். நாங்கள் தண்ணீருக்காக அடித்துக்கொள்கிறோம் என்று நினைத்து வீட்டுக்காரம்மா பின்கட்டில் ஒரு நீல டிரம் வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

இந்தப் பயம் எனக்கு அவருடைய அண்ணனிடமிருந்து வந்தது. திருப்பத்தூரில் அரிசி மண்டி ஒன்றில் எடை போட்டுக்கொண்டிருந்தவர். நல்ல உயரம், தெருவையே எழுப்பும் குரல். தொண்ணூற்றொன்றில் ஒருநாள் முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினார். முதலில் எனக்கு ஆளே தெரியவில்லை. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போய்விட்டன, இனி மெஷின்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண்டாட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு, பெங்களூரில் தம்பி இருக்கிறான் என்று வந்துவிட்டார். முன்னறையில் இரும்புக் கட்டில் போட்டோம். டயாலிசிஸ் நாள்களில் என் கணவர் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு அழைத்துப் போவார். மற்ற நாள்களில் அவர் என் பொறுப்பு.

அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு சொல்லியிருந்தார்கள். குடித்தது வெளியே போக வழியில்லை; உடம்பிலேயே தங்கிவிடும், நுரையீரலில் ஏறிவிடும். நான் ஒரு எவர்சில்வர் டம்ளரில் அளந்து கொடுப்பேன். அதை உதட்டில் வைத்து நனைத்து நனைத்துக் குடிப்பார். "இன்னும் ஒரே ஒரு வாய் குடும்மா, தம்பிகிட்ட சொல்ல மாட்டேன்" என்று அந்தப் பெரிய மனிதர் கெஞ்சுவார். கொடுத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போவாரோ என்று பயம். கொடுக்காவிட்டால் தண்ணீருக்கு ஏங்கியே போய்விடுவாரோ என்று பயம். சமையலறையில் குழாயைத் திறந்தால் அந்தச் சத்தம் அவர் காதில் விழுமே என்று, பாத்திரத்தைக்கூடப் பின்கட்டில் எடுத்துப்போய்த் தேய்த்தேன்.

அந்த வருடம் டிசம்பரில் காவிரிக்காகக் கலவரம் வந்தது. ஊரடங்கு. எங்கள் தெருவில் எல்லோரும் வாசலில் இருந்த தமிழ் எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். தெருமுனையில் டயர் எரிகிற வாசம். எனக்கு அந்தக் கும்பல் மேல் இருந்த பயத்தைவிட, கட்டிலில் இருந்தவரின் மூச்சுமேல்தான் பயம் அதிகமாக இருந்தது. அவருடைய டயாலிசிஸ் நாள் தாண்டிவிட்டது. கால் தூண் போல ஆகிவிட்டது, படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்கினார். கடைசியில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் தன் ஸ்கூட்டரை எடுத்தார். முன்னே அவர், நடுவில் அண்ணன், பின்னால் தாங்கிப் பிடித்தபடி என் கணவர். போலீஸ் நிறுத்திய இடத்திலெல்லாம் அந்த மனிதர் கன்னடத்தில் பேசிக் கடத்திக்கொண்டு போனார். சாயங்காலம் மூவரும் திரும்பி வந்தபிறகுதான் எனக்குப் போன உயிர் வந்தது.

அண்ணன் ஒருநாள் நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னது இது. "எனக்கு ரொம்ப வருசமா நுரைச்சிக்கினுதாம்மா போச்சு. வலி கிடையாது, ஒண்ணும் கிடையாது. கக்கூஸ்ல பிளீச்சிங் பவுடர் போடறாளே உங்க அக்கா, அதான்னு நெனச்சிக்கினேன். அப்பவே யாராவது ஒரு டெஸ்ட்டு எடுத்திருந்தா..." டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

எனக்கு அவர் விட்டுப்போன சொத்து அந்த ஒரு வார்த்தைதான். வலியே இல்லாமல் வரும், நுரையாக வரும்.

அதற்கப்புறம் சில வருடம் கழித்து, ஃபேக்டரி டிஸ்பென்சரியில் என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னார்கள். லேத் மெஷினில் நின்று வேலை செய்கிற திடமான ஆள், அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்னும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லவில்லை. எங்களுக்குப் பிள்ளையில்லை. அவருக்கு நான், எனக்கு அவர். அந்தக் கட்டில் இன்னும் முன்னறையிலேயே கிடந்தது. மறுநாளே பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு அதைத் தூக்கிக் கொடுத்தேன்.

அவருடைய பயம் வேறு வழியில் கிளம்பியது. டெஸ்ட்டுக்குத் தயாராக ஆரம்பித்தார்.

நான் அல்சூர் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வருடம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம் உருப்போடுகிற பிள்ளைகளை எனக்குப் பார்த்தாலே தெரியும். என் வீட்டுக்குள்ளேயே அப்படி ஒருவர் வளர்ந்தார். ரத்தமும் சிறுநீரும் கொடுக்கவேண்டிய தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சோறு நிற்கும். பாகற்காய் வரும். விடிந்தால் அல்சூர் ஏரியைச் சுற்றி நடை. கடைசி நாள்களில் வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் குடம் குடமாக உள்ளே போகும். டெஸ்ட் அன்று காலையில் எழுந்ததிலிருந்து கிளம்புகிறவரை தண்ணீராகவே குடித்துக்கொண்டிருப்பார். "எல்லாத்தையும் கழுவித் தள்ளிடணும்" என்பார். ரிப்போர்ட் வாங்கியதும் கையை உயர்த்திக்கொண்டு வாசலிலேயே சொல்வார்: "பாஸ்!"

பாஸானால் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்போடு குஸ்கா. அதற்கப்புறம் அடுத்த டெஸ்ட் வரை ஐயா ராஜா.

சிரித்தேன் என்று நினைக்காதீர்கள். நான்தான் மார்க்கெட்டில் போய் இளந்தண்டாகப் பார்த்து வாங்கி வருவேன். வட்ட வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, மோரில் போட்டு, அரைத்து, வடிகட்டி, உப்பில்லாமல் கொடுப்பேன். தெரிந்தவர்களில் சர்க்கரைக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் செய்தார்கள். டாக்டரிடம் நல்ல பேர் வாங்க வேண்டும், திட்டு வாங்கக் கூடாது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் பாஸான அன்று எனக்கும் கொஞ்ச நாளைக்கு நிம்மதியாக இருக்கும். பிறகு ஒரு காலையில் தண்ணீர் ஊற்றியும் கரையாமல் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ நிற்பதைப் பார்ப்பேன். அது சோப்பு நுரையாகவும் இருக்கலாம். அன்றைக்கெல்லாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். பிள்ளைகள் "மிஸ், மிஸ்" என்று கூப்பிடுவார்கள்.

பள்ளி விட்டு வரும்போது எனக்குத் தலையைப் பிளக்கும். கத்திக் கத்திப் பாடம் நடத்தினால் வலிக்காதா? கைப்பையில் எப்போதும் தலைவலி மாத்திரை ஒரு அட்டை இருக்கும். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிடுவேன். டீச்சர்கள் அறையில் எல்லோர் பையிலும் அது இருந்தது. ஒருத்திக்குத் தீர்ந்தால் இன்னொருத்தி கொடுப்பாள்.

இரண்டாயிரம் தாண்டி ஓரிரு வருடம் இருக்கும். நாங்கள் வழக்கமாகப் போகிற வயதான டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் ஒரு டாக்டரம்மா வந்தார். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசுவார். என் கணவர் தன் பாஸான ரிப்போர்ட்டுகளையெல்லாம் பள்ளிப்பிள்ளை மாதிரி மேஜைமேல் அடுக்கினார். டாக்டரம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, மைக்ரோ ஆல்புமின் பார்த்ததில்லையா என்று கேட்டார்.

"அது என்னா டெஸ்ட்டு?" என்று நான் கேட்டேன்.

"ரத்தத்தில கிரியாட்டினின் பாக்கறோம் அல்லவா, அது லேட்டா பேசற ஆசாமிம்மா. கிட்னி பாதிக்கு மேல போனப்புறம்தான் வாய தெறக்கும். ஆல்புமின்னு ஒரு புரோட்டீன் இருக்கு. நல்ல கிட்னி அத வெளிய விடாது. கெட ஆரம்பிச்சா கொஞ்சூண்டு, ரொம்ப கொஞ்சூண்டு யூரின்ல கசியும். அந்தக் கசிவ பாத்துட்டோம்னா எத்தனையோ வருஷம் முன்னாடியே பிடிச்சிடலாம்."

"நுரையா வருமே, அதா?"

"கண்ணுக்கு நுரை தெரியறது அதுக்கெல்லாம் அப்புறம்மா. இது கண்ணுக்குத் தெரியாது."

எனக்கு நாற்காலி நழுவுகிற மாதிரி இருந்தது. இத்தனை வருடம் குனிந்து குனிந்து பார்த்தேனே, கண்ணுக்குத் தெரியாத ஒன்றையா தேடிக்கொண்டிருந்தேன்? நுரையில்லை என்று நிம்மதிப்பட்ட நாளெல்லாம் என்ன நாள்? என் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டரம்மா, "யாக்கம்மா, ஏன் இவ்ளோ பயம்?" என்றார். அண்ணன் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே நெற்றியை அழுத்திக்கொண்டேன் போலிருக்கிறது. தலைவலியா, அடிக்கடி வருமா என்று கேட்டுக்கொண்டே என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்தார். ஒருமுறை பார்த்துவிட்டு, காற்றை விட்டு, மறுபடியும் அடித்தார். என் கணவருக்கு எழுதிய சீட்டிலேயே கீழே என் பேரையும் எழுதினார்.

"எனக்கா? எனக்கு எதுக்கு?" என்று சிரித்தேன்.

"பி.பி. கொஞ்சம் ஜாஸ்தி இருக்கு. சும்மா, ரெண்டு பேரும் ஒண்ணாவே கொடுத்துடுங்க."

அந்த வாரம் என் கணவர் பட்டபாடு கொஞ்சமில்லை. புது டெஸ்ட், புது டாக்டர், கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று தெரியாது. பார்லியைக் காலை மாலை இரண்டு வேளையும் போடச் சொன்னார். நான் தண்டு நறுக்கி நறுக்கி விரலெல்லாம் கறை ஏறிப்போனது. எனக்காக ஒரு டம்ளர் எடுத்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நோயாளி அவர்தானே? நான் காலையில் எழுந்து, சமைத்து, டிபன் கட்டி, அந்த அவசரத்தில் என் சிறுநீர் பாட்டிலை நிரப்பி லேபில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

ரிப்போர்ட்டை நான்தான் பள்ளி விட்டு வரும்போது வாங்கினேன். அவருடையதை மட்டும் கவுண்டரிலேயே பிரித்தேன். அவசரத்தில் கவர் கிழிந்துவிட்டது. எண் எல்லைக்குள் இருந்தது. எல்லைக்கு வெகு உள்ளே. அங்கேயே அழுதுவிட்டேன். ஓல்ட் மெட்ராஸ் ரோடு முழுக்க பஸ் இரைச்சலும் புகையும், எனக்கு அன்றைக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. சர்க்கரைக்காரருக்கு என்று தெரிந்தும் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

"பாஸ்!" என்று வாசலிலிருந்தே நானே கத்தினேன்.

அவர் மைசூர்பாகை ஒரு கடி கடித்துவிட்டு, "உன்னுது?" என்று கேட்டார். பையிலேயே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் சேலை மாற்றப் போனேன். உள்ளேயிருந்து, "என்னா, எத்தனை மார்க்கு?" என்று கேட்டேன். எட்டிப் பார்த்தேன். அவர் காகிதத்தை ஜன்னல் பக்கம் பிடித்திருந்தார்.

"இதுல என்னாத்துக்கு ஸ்டார் போட்டிருக்கான்?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். கணக்கு டீச்சர் நான். எண்ணைப் படிக்கத் தெரியாதா? பக்கத்தில் அச்சடித்திருந்த எல்லையை என் எண் எங்கேயோ தாண்டி நின்றது. ஆனால் வாய் மட்டும் வழக்கம்போல் வேலை செய்தது. "மாத்திட்டான் படுபாவி. உங்களுதையும் என்னுதையும் மாத்தி வெச்சிட்டான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. கடித்த மைசூர்பாகு அப்படியே கையில் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு லேப் திறக்கும் முன்பே போய் நின்றேன். அந்தக் காத்திருப்பை நான் மறக்கமாட்டேன். மாறியிருந்தால் நோய் அவருக்கு. மாறவில்லையென்றால் எனக்கு. எந்தச் சாமியிடம் எதை வேண்டிக்கொள்வது? மாறியிருக்கவேண்டும் என்று மனசு வேண்ட ஆரம்பிக்கும். அடுத்த மூச்சிலேயே அண்ணனின் டம்ளர் கண்முன் வரும், ஐயோ வேண்டாம் என்று பதறிப்போய் நிறுத்திவிடுவேன். வேண்டிக்கொள்ளக்கூட வழியில்லாமல் பயந்தது என் வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

லேபில் இருந்த பெண்ணிடம் கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரியே கத்தினேன். அந்தப் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் சரிபார்த்தாள். "மாறலை மேடம். மாறவும் சான்ஸ் இல்ல. உங்க வீட்டுக்காரர் சாம்பிள் சுத்தமா தண்ணி மாதிரி இருந்துச்சு, கலரே இல்ல. பாத்ததும் நாங்களே பேசிக்கிட்டோம். உங்களுது நார்மல் கலர். ரெண்டையும் குழப்பிக்கவே முடியாது" என்றாள்.

அங்கிருந்து நேராக டாக்டரம்மாவிடம் போனேன். ஃபேக்டரிக்கு போன் போட்டு அவரையும் வரச் சொன்னேன். டாக்டரம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, டெஸ்ட்டுக்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று கேட்டார். அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. சோறு நிறுத்தியது, ஏரி நடை, வாழைத்தண்டு, பார்லி, காலையில் குடித்த தண்ணீர், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எத்தனை வருடமாக என்று டாக்டரம்மா கேட்டார். சர்க்கரை வந்ததிலிருந்தே என்றார்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சார், கிட்னி கசியுதான்னு பாக்கறதுக்குத்தான் இந்த டெஸ்ட்டு. நீங்க தண்ணி விட்டு விட்டு அந்தக் கசிவ கரைச்சுட்டா, மெஷினுக்கு எங்கிருந்து தெரியும்? நீங்க பாஸாகல. இத்தனை வருஷம் டெஸ்ட்டே எடுக்கல, அவ்வளவுதான். யார ஏமாத்தினீங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. அந்த வருடங்களெல்லாம் என் கண்முன் ஓடின. அவர் "பாஸ்" என்று கையை உயர்த்திய ஒவ்வொரு முறையும் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. அண்ணனுக்குப் பிளீச்சிங் பவுடர், எங்களுக்கு வாழைத்தண்டு.

பிறகு என் பக்கம் திரும்பினார். தலைவலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அடியில் காலி அட்டைகளும் கிடந்தன, அவையும் சேர்ந்து மேஜைமேல் விழுந்தன. தினமுமா என்றார். பள்ளிக்கூட நாளெல்லாம் என்றேன். அவர் காலி அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "இந்தத் தலைவலி உங்க பி.பி.யால வந்திருக்கலாம்மா. அதுக்கு நீங்க போட்ட வலி மாத்திரை கிட்னிய இன்னும் அடிச்சிருக்கலாம். இன்னையிலிருந்து இது வேணாம். ஆனா ஒரு டெஸ்ட்ட வெச்சு எதுவும் சொல்ல முடியாது. ஜுரம் இருந்தாலும் ஏறும், ஓடியாடினாலும் ஏறும். கொஞ்ச நாள் விட்டு ரெண்டு பேரும் ரத்தமும் யூரினும் மறுபடி கொடுங்க. காலைல எழுந்ததும் போற முதல் யூரின். எதுவும் குடிக்காம, எதுவும் தயார் பண்ணாம, நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படி."

எனக்கு டாக்டரம்மாமேல் ஆத்திரமாக வந்தது. அந்த நோயை அவரே கொண்டுவந்து என்மேல் போட்ட மாதிரி. பஸ் ஸ்டாப் வரை டாக்டரம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். ரோட்டைத் தாண்டும்போது என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் தெருவில் என் கையைப் பிடித்ததில்லை.

அந்த இடைப்பட்ட நாள்களில் நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். டம்ளரில் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம், இதை யாராவது எனக்கு அளந்து கொடுக்கிற நாள் வந்துவிடுமா என்று தோன்றும். காலை அழுத்தி அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பேன். முன்னறையில் கட்டில் கிடந்த இடத்தைத் தாண்டிப் போகும்போது ஓரமாக ஒதுங்கி நடப்பேன். நான் போனால் இவருக்கு யார் என்ற நினைப்பே தாங்காது. இவர் போய் நான் மட்டும் இருந்தால் என்று நினைத்தால் அதைவிட மோசம். தலைவலி வந்தது. மாத்திரை இல்லாமல் ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு வகுப்பெடுத்தேன்.

டெஸ்ட்டுக்கு முந்தின சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தால் வீட்டில் ஒரே நார். என் கணவர் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாழைத்தண்டை நறுக்கிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு வெங்காயம் நறுக்கியவரில்லை. நாரை எடுக்கத் தெரியாமல் இழுத்து இழுத்து, சட்டையெல்லாம் ஒட்டிக்கிடந்தது. எனக்கும் அதைக் குடிக்கவேண்டும் போல்தான் இருந்தது.

விடிந்ததும் இரண்டு டம்ளர் மேடைமேல் தயாராக இருந்தன. பெரிய டம்ளர்கள்.

"இந்த ஒரு வாட்டி குடிச்சிடு" என்றார்.

"டாக்டர் என்னா சொன்னாங்க?"

"அவங்களுக்கு என்னா தெரியும்? ஸ்டார் போட்டு ஒரு காயிதம் வந்துட்சின்னா அப்புறம் அதுலயே கொண்டுபோய் உட்டுடுவாங்க. அண்ணனையும் அப்படித்தான..." டம்ளரை என் பக்கம் தள்ளினார். "எனக்கு வந்தா வரட்டும்டி. உனக்கு வேணாம். குடி. பாஸாயிடு."

நான் டம்ளரை எடுத்தேன். எடுத்து வாய்வரை கொண்டும் போனேன். அந்தத் துவர்ப்பு வாசம் மூக்கில் ஏறியது. குடித்தால் சாயங்காலம் ஒரு நல்ல எண் வரும். இவர் முகம் தெளியும். இரண்டு பேரும் குஸ்கா சாப்பிடலாம். அடுத்த டெஸ்ட் வரை பயம் இல்லை. எவ்வளவு சுலபம்! அத்தனை வருடம் அவர் ஏன் இதைக் குடித்தார் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

"உங்க அண்ணன் கடைசில என்னா சொன்னாரு தெரியுமா?" என்றேன். "அப்பவே யாராவது ஒரு டெஸ்ட்டு எடுத்திருந்தான்னு சொன்னாரு. அவருக்கு எடுக்க ஆளில்ல. நமக்கு எடுக்கறாங்க. நாம தண்ணி ஊத்திக்கினு இருக்கோம்."

இரண்டு டம்ளரையும் தொட்டியில் கவிழ்த்தேன். பாதி மேடைமேல் போயிற்று. அவர் தடுக்கவில்லை. அதைத் துடைத்தார். பிறகு அவருடைய பாட்டிலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

நான் வழக்கம்போலக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். மக் எடுக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. தாழ்ப்பாள் திறந்தது. பாட்டிலைக் கையில் பிடித்தபடி ஓரமாக நகர்ந்து எனக்கு வழிவிட்டார்.

"வா. பாத்துக்கோ" என்றார். தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

போய்ப் பார்த்தேன். லேசாக நுரை இருந்தது. அதற்கப்புறம் நான் என் பாட்டிலோடு உள்ளே போனேன். வெளியே வரும்போது நானும் மக்கைத் தொடவில்லை. அவர் எட்டிப் பார்த்தார். "உன்னுதுல எனக்கு மேல இருக்குதே" என்றார். எனக்கு எப்போதாவது என்னுடையதைப் பார்க்கத் தோன்றியிருக்கிறதா? ஒருநாளும் இல்லை. எல்லா வருடமும் அவர் பின்னாலேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரும் ஃபெயில். அவருக்குக் கொஞ்சம், எனக்கு அதிகம். ஆனால் இருவருக்கும் கிரியாட்டினின் இன்னும் ஏறவில்லை. டாக்டரம்மா அந்த எண்ணை விரலால் தட்டிக் காட்டி, "நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார். எங்களால் சிரிக்க முடியவில்லை. பி.பி. மாத்திரை, உப்புக் குறைப்பு, தலைவலி அட்டைக்குத் தடை என்று அன்றைக்கு ஆரம்பித்தது இன்றுவரை ஓடுகிறது. கசிவு நிற்கவில்லை. ஆனால் வேகமாக ஏறவும் இல்லை. கட்டில் போடுகிற நாள் இன்னும் வரவில்லை.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முந்தின ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. அவருக்கும்தான். அந்த நீல டிரம் இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது. காலையில் நான் குளியலறையை விட்டு வெளியே வந்தால் கதவுக்குப் பக்கத்தில் கையில் ஏதோ ஒரு துண்டோடு அவர் நிற்பார். துண்டு ஒரு சாக்கு, எனக்குத் தெரியாதா? அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை நான் தண்ணீர் ஊற்றுவதில்லை.